சுரங்கத் தொழிலாளியின் மகள்: லொறெற்றா லின்னின் பாடல்களும் அவற்றின் எல்லைகளும்

1

வெகுசனக் கலைவடிவங்களை அணுகும் திறனாய்வாளர் பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றையே மேற்கொள்வர். ஒரு சாரார், இசைத்தட்டாகவும் வானொலி நிகழ்ச்சியாகவும் விற்பனைக்கு வரும் பாட்டை வெறும் பண்டமெனக் கருதி ஒதுக்கிவிடுவர். மறுசாரார், இலட்சக்கணக்கானோர் விரும்பிக் கேட்கின்றனர் என்ற ஒரே காரணங்கொண்டு அதனை மக்களின் குரல் எனப் போற்றுவர். முதற்சாரார் பாட்டைக் கேளாமலே தீர்ப்பு வழங்குகின்றனர். இரண்டாஞ்சாரார் கேட்ட பின்னரும் வினா எழுப்புவதில்லை. பண்டமாக விற்கப்படும் ஒரு பாட்டு உழைக்கும் மக்களின் வாழ்க்கை பற்றிய உண்மையைச் சொல்ல வல்லதா, வல்லதாயின் எந்த அளவிற்குச் சொல்லும், எந்த இடத்தில் மௌனமாகிவிடும் என்பனவே ஆராய்தற்குரிய வினாக்கள்.

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகியும் பாடலாசிரியருமான லொறெற்றா லின்னின் (1932–2022) கலைவாழ்வு பொருத்தமானதொரு களமாகும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், 1960 முதல் 2021 வரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இசைத்தட்டுகளை வெளியிட்டார். தமது பிறப்பையே கலையின் பொருளாகவும் தொழிலின் முதலாகவும் ஆக்கிக்கொண்டவர் அவர். அவருடைய பாடல்களில் உண்மை எங்கே ஒலிக்கின்றது, எங்கே அடங்குகின்றது என்பதைப் பிரித்தறிதல், அவரைப் புகழ்வதிலும் இகழ்வதிலும் பயன் மிக்க பணியாகும்.

2

கன்ட்ரி இசையை நாட்டார் இசையோடு ஒன்றாக எண்ணும் மயக்கத்தை முதலிற் களைதல் வேண்டும். அமெரிக்காவின் தென்கிழக்கே அப்பலேச்சிய மலைப்பிரதேசத்தில் குடியேறிய மக்கள் பிரித்தானியத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த கதைப்பாடல்களும், தேவாலயப் பக்திப் பாடல்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் பான்ஜோ வாத்தியமும் புளூஸ் இசையும் கலந்து உருவானதே அதன் மூலவளம். ஆயின் அம்மூலவளம் கன்ட்ரி இசை என்னும் வடிவம் பெற்றது 1920களில், இசைத்தட்டுக் கம்பனிகளும் வானொலி நிலையங்களும் கிராமப்புறச் சந்தையைக் கண்டறிந்தபோதேயாகும். 1925இல் நாஷ்வில் நகரில் தொடங்கிய வானொலி நிகழ்ச்சியே பின்னர் கிராண்ட் ஓல் ஒப்றி எனப் பெயர் பெற்றது. 1927இல் றால்ப் பியர் என்பவர் பிரிஸ்டல் நகரில் நடத்திய ஒலிப்பதிவுகளில் கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி றொட்ஜர்சும் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டனர்.

பியர் இசைத்தட்டுகளை மட்டும் நோக்கியவரல்லர். பாடல்களின் பதிப்புரிமையே அவருடைய வருவாயின் ஊற்று. ஆதலின் பாடகரிடமிருந்து உரிமைப் பதிவுக்கு ஏற்ற பாடல்களை அவர் வேண்டி நின்றார். ஊருக்குப் பொதுவாயிருந்த பாட்டு ஒருவரது பெயரில் பதியப்பட்டு உடைமையாக மாறிய வரலாற்றுக் கட்டம் அது. யார் பாடுகிறார் என்பதற்கும் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதற்கும் இடையிலான இவ்விலகல், பிற்காலத்தில் லொறெற்றா லின்னின் ஆக்கப்பணியையே பாதித்தமை பின்னர் நோக்கப்படும்.

பெண்குரல் இத்துறையில் தொடக்கம் முதலே இருந்தது. ஆயினும் தனித்த பெண்பாடகிக்குச் சந்தை இல்லை என்பதே நெடுங்காலமாகக் கம்பனிகளின் துணிபாக இருந்தது. 1952இல் கிற்றி வெல்ஸ் அத்துணிபைத் தகர்த்தார். வழிதவறிய பெண்ணைப் பழித்து ஓர் ஆண் பாடிய பாட்டுக்கு எதிர்ப்பாட்டாக, அவளை வழிதவறச் செய்த ஆண்களைச் சுட்டிக்காட்டி அவர் பாடிய பாட்டு, தனித்த பெண்ணொருத்தியின் குரலில் கன்ட்ரி இசைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்த முதற் பாட்டாயிற்று. அப்பாட்டை எழுதியவர் ஓர் ஆண் என்பது மனங்கொள்ளத்தக்கது. பெண்ணின் வழக்கைப் பெண்ணே எழுதி, பெண்ணே பாடும் நிலை அடுத்த தலைமுறையிலேயே வலுப்பெற்றது.

3

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, ஜோன்சன் கவுன்டியில், வான் லியர் சுரங்கநகரை அடுத்த புச்சர் ஹொலோ என்னும் மலையிடுக்கு ஊரில் 1932 ஏப்ரல் 14ஆம் நாள் லொறெற்றா வெப் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் அவர் இரண்டாமவர். வான் லியர், நிலக்கரிக் கம்பனியொன்று தன் தொழிலாளருக்கென நிறுவிய நகரம். தந்தை ரெட் வெப் இரவிற் சுரங்கத்திலும் பகலிற் சிறு வயலிலும் உழைத்தவர். நிலக்கரித் தூசு நுரையீரலிற் படிவதால் வரும் கருநுரையீரல் நோயினால் வருந்தி, 1959இல், மகளின் முதல் இசைத்தட்டு வெளிவருமுன்னரே காலமானார்.

1948 ஜனவரியில், பதினைந்து வயதில், லொறெற்றா இருபத்தொரு வயதினரான ஒலிவர் லின் என்பவரை மணந்தார். கணவர் மரம் வெட்டும் தொழில் தேடி நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் என்னும் சிற்றூருக்குச் செல்ல, கருவுற்றிருந்த சிறுமியும் உடன் சென்றார். அடுத்தடுத்து நான்கு குழந்தைகள் பிறந்தன. பல ஆண்டுகளின் பின் 1964இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மனைவி வீட்டுவேலையின்போது பாடுவதைக் கேட்ட கணவர் 17 டொலருக்கு ஒரு கிற்றாரை வாங்கிக் கொடுத்தார். அவர் அதைத் தாமாகவே வாசிக்கப் பழகினார். 1960இல் சீரோ என்னும் சிறு கம்பனி அவருடைய முதற் பாட்டை வெளியிட்டது. கணவனும் மனைவியும் தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரூராக வானொலி நிலையங்களின் வாயிலில் நின்று அவற்றைக் கொடுத்தனர். அப்பாட்டு தேசியப் பட்டியலில் 14ஆம் இடத்தை எட்டியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கிராண்ட் ஓல் ஒப்றி மேடையில் ஏறினார். அடுத்த ஆண்டு டெக்கா கம்பனியில் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியின் கீழ்ச் சேர்ந்தார். அங்கே பெரும் புகழுடனிருந்த பற்சி கிளைன், புதிதாய் வந்த இம்மலைப்பெண்ணுக்குத் தோழியாகவும் வழிகாட்டியாகவும் விளங்கினார். 1963 மார்ச் 5ஆம் நாள் நிகழ்ந்த விமான விபத்தில் பற்சி கிளைன் மாண்டமை லொறெற்றாவின் வாழ்வில் ஆறாத் துயராயிற்று.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி திறனாய்வாளனின் கவனத்திற்குரியது. 1976இல் ஜோர்ஜ் வெசி என்னும் பத்திரிகையாளரின் துணையுடன் வெளியிட்ட தன்வரலாற்றிலும், அதனைத் தழுவி 1980இல் வெளிவந்த திரைப்படத்திலும், மணமானபோது அவர் பதின்மூன்று வயதுச் சிறுமி என்றே காட்டப்பட்டது. 2012இல் ஒரு செய்தி நிறுவனம் பிறப்புப் பதிவையும் திருமணப் பதிவையும் தேடியெடுத்து, அவர் பிறந்த ஆண்டு சொல்லப்பட்டு வந்ததிலும் மூன்றாண்டு முந்தியது என்பதை வெளிப்படுத்தியது. பதினைந்து வயதுத் திருமணமும் கொடுமைதான். அவர் பட்ட இன்னல் பொய்யாகிவிடவில்லை. எனினும் ‘சுரங்கத் தொழிலாளியின் மகள்’ என்ற உருவம் தானாக விளைந்ததன்று, தெரிந்தெடுத்துத் திருத்தி அமைக்கப்பட்டது என்பதற்கு இது சான்று. வறுமையின் கதைக்கும் விலையுண்டு என்பதையும், வயது குறையக் குறைய அவ்விலை ஏறும் என்பதையும் அத்தொழில் அறிந்திருந்தது.

4

லொறெற்றா லின்னின் ஆக்கத்திறன் முழுமையுற வெளிப்படுவது அவருடைய இல்லறப் பாடல்களிலேயே. கன்ட்ரி இசையில் அதுவரை காதற் பிரிவும் குடியும் துரோகமும் பெரும்பாலும் தன்னிரக்கப் புலம்பலாகவே பாடப்பட்டன. லொறெற்றா புலம்புவதில்லை, பேசுகிறார். அவருடைய சிறந்த பாடல்கள் யாவும் ஒருவரை முன்னிறுத்திச் சொல்லும் சொல்லாக அமைந்தவை. செய்யுளின் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்பவற்றையும் தொல்காப்பியர் எண்ணினார். அவ்வுறுப்புகளை அளவுகோலாகக் கொண்டால் இப்பாடல்களின் வலு எங்கிருந்து பிறக்கின்றது என்பது தெளிவாகும். சொல்பவள் மனைவி, கேட்பவர் கணவன் அல்லது அவனை நாடும் மற்றொரு பெண், களன் வீட்டுவாசல். மூன்றும் ஐயத்திற்கிடமின்றித் தெரிவதால் ஒரு சொல்லும் வீணாவதில்லை.

1966இன் இறுதியில் வெளிவந்து 1967இல் அவருக்குப் பட்டியலின் முதலிடத்தை முதன்முறையாகப் பெற்றுத்தந்த பாட்டு, தங்கை பெகி சூவுடன் சேர்ந்து எழுதியது. குடித்துவிட்டு ஆசையோடு வீடு திரும்பும் கணவனை வாசலிலேயே நிறுத்தும் மனைவியின் கூற்று அது. கேட்போர் சிரிக்கத்தக்க துள்ளல் இசையில் அமைந்திருப்பதால் அதன் கனம் உடனே புலப்படுவதில்லை. மனைவியின் சம்மதமின்றிக் கணவன் உறவுகொள்வது குற்றம் என 1966இல் அமெரிக்காவின் எந்த மாநிலச் சட்டமும் கொள்ளவில்லை என்பதை எண்ணிப்பார்த்தால், சட்டம் அளிக்காத உரிமையொன்றை ஒரு நடனப்பாட்டு தன் போக்கில் எடுத்துக்கொண்டது புரியும். அவ்வுரிமையை அவர் கோரிக்கையாக வைக்கவில்லை. ஏற்கெனவே தம்மிடமிருப்பது போலப் பேசுகிறார். பாட்டின் நகையும் துணிவும் அந்தத் தொனியிலேயே தங்கியுள்ளன.

ஆயின் அதே காலத்துப் பிற பாடல்களில் கோபத்தின் திசை மாறுகின்றது. 1966இல் வெளிவந்த ‘யூ ஏன்ட் வுமன் இனவ்’ என்பதிலும் 1968இல் முதலிடம் பெற்ற ‘பிஸ்ற் சிற்றி’ என்பதிலும் பேச்சு மற்றப் பெண்ணை நோக்கியது. பின்னதில் கைகலப்பே அச்சுறுத்தலாக வைக்கப்படுகின்றது. தவறிழைத்த கணவன் பாட்டின் ஓரத்தில் ஒதுங்கி நிற்க, இரு பெண்கள் அவன் பொருட்டு மோதுகின்றனர். இப்பாடல்களைப் பெண்விடுதலையின் எக்காளமாகக் கொள்வோர் இதனைக் காணத் தவறுகின்றனர். கணவனை விட்டு நீங்குதல் என்ற வழி இல்லாத ஒருத்திக்கு எஞ்சியிருப்பது அவனைக் காத்துக்கொள்ளும் போராட்டமே. அந்த நிலைமையை இப்பாடல்கள் உள்ளவாறே காட்டுகின்றன. அதனைக் கடந்து நோக்குவதில்லை. 1972இல் வெளிவந்து அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முதலிடம் பெற்ற ‘றேற்றட் எக்ஸ்’ அவ்வகையில் ஒரு படி முன்னேறியது. மணவிலக்குப் பெற்ற பெண்ணை ஆடவர் எளிதிற் கிடைக்கும் பொருளாகவும் பெண்டிர் பகையாகவும் நோக்கும் ஊரின் கண்ணோட்டமே அங்கு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றது.

வீட்டுவாசலைக் கடந்து அரசையே கேட்போராகக் கொண்ட பாட்டொன்றும் உண்டு. 1966இல் வியட்நாம் யுத்தம் விரிவடைந்துகொண்டிருந்த வேளையில் வெளிவந்த ‘டியர் அங்கிள் சாம்’, கணவனைப் போருக்கு அனுப்பிய மனைவி நாட்டுக்கு விடுக்கும் கடிதமாக அமைந்தது. யுத்தம் நியாயமா என்று அவள் கேட்கவில்லை. தன் நாட்டுப்பற்றை மறுக்கவுமில்லை. நாட்டின் தேவைக்கும் தன் தேவைக்கும் இடையே நின்று மன்றாடுகிறாள். இறுதியில் அவளுக்குக் கிடைப்பது மரணச் செய்தி. அரசியல் நிலைப்பாடு எதுவுமற்ற இப்பாட்டு, அந்நிலைப்பாடின்மை காரணமாகவே, யுத்தத்தை ஆதரித்த குடும்பங்களின் வீடுகளுக்குள்ளும் நுழைய வல்லதாயிற்று.

5

அவரது பெயரோடு இரண்டறக் கலந்துவிட்ட ‘கோல் மைனர்ஸ் டோட்டர்’ என்னும் பாட்டு 1969இல் ஒலிப்பதிவாகி, 1970 ஒக்டோபரில் வெளிவந்து, அவ்வாண்டு டிசம்பரில் முதலிடம் பெற்றது. முதலில் எழுதப்பட்ட வடிவம் மிக நீண்டதாயிருந்தமையால் தயாரிப்பாளரின் விருப்பப்படி சில சரணங்கள் நீக்கப்பட்டன. எஞ்சியவற்றிலும் பொருட்களே பேசுகின்றன: தாயின் துணிதுவைக்கும் பலகை, எண்ணெய் விளக்கொளியில் வாசிக்கப்படும் வேதாகமம், பன்றி விற்ற பணத்தில் குளிர்காலத்துக்கு வாங்கிய காலணி. உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்காமல் பொருளைக் காட்டி நிறுத்தும் இம்முறை நல்ல கதைப்பாடல் மரபின் வழிவந்தது.

மொழிநிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊர்ப்பெயரின் பின்பாதியாகிய ‘ஹொலோ’ மலைமக்களின் வாயில் ‘ஹொலர்’ என ஒலிக்கும். அவ்வாறு ஒலிக்கும்போதுதான் தந்தை உழைத்து ஈட்டிய ‘டொலர்’ என்னும் சொல்லோடு அது இயைபு கொள்கின்றது. நகரத்தார் ஏளனஞ் செய்த உச்சரிப்பே பாட்டின் கட்டுக்கோப்பைத் தாங்கும் தூணாகிவிடுகின்றது. ஊரும் கூலியும் ஓரோசையில் இணைகின்ற அவ்விடம், சுரங்க ஊரொன்றின் பொருளாதாரத்தைத் தன்னையறியாமலே சொல்லிவிடுகின்றது.

ஆனால், இப்பாட்டிற் சொல்லப்படாதது எது? சுரங்கத்தின் பெயர் உண்டு, கம்பனி இல்லை. உழைப்பு உண்டு, கூலி ஏன் குறைவாயிருந்தது என்ற கேள்வி இல்லை. தந்தையின் நுரையீரலைத் தின்ற நோயும் இல்லை. வறுமையை அன்பு ஈடுசெய்தது என்பதே பாட்டின் முடிந்த கருத்து. இவ்விடுபாடு காலத்தின் பின்னணியில் மேலும் துலக்கமாகின்றது. 1969இன் தொடக்கத்தில் மேற்கு வேர்ஜினியாவின் சுரங்கத் தொழிலாளர் பல்லாயிரவர் கருநுரையீரல் நோய்க்கு நட்டஈடு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் ஒப்பமிடப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 1970 டிசம்பர் 30ஆம் நாள், இப்பாட்டு வானொலிகளில் உச்சப் புகழுடன் ஒலித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், கென்டக்கியின் ஹைடன் நகருக்கருகே சுரங்கம் வெடித்து 38 தொழிலாளர் மாண்டனர்.

கென்டக்கியின் சுரங்கப் பாட்டு மரபு எப்போதும் இவ்வாறு மௌனமாயிருந்ததன்று. 1931இல் ஹார்லன் கவுன்டியில், தொழிற்சங்கப் பணியாளரான கணவரைத் தேடி வந்த காவலர்கள் வீட்டைச் சோதனையிட்டதன் பின், புளொறன்ஸ் றீஸ் என்னும் பெண் எழுதிய பாட்டு, கேட்பவன் எந்தப் பக்கத்தவன் என்று நேராகவே வினவிற்று. அதே மாநிலத்தவரான மேர்ல் ட்ராவிஸ் 1946இல் பதிவு செய்த ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’, தொழிலாளியைத் தீராக் கடனில் ஆழ்த்தும் கம்பனிக் கடையைக் குற்றஞ்சாட்டியது. 1955இல் டெனசி ஏர்னி போர்ட்டின் குரலில் அது நாடெங்கும் புகழ்பெற்றது. ஆகவே, சந்தை அத்தகைய பாட்டை ஒருபோதும் ஏற்காது என்ற சமாதானமும் முற்றிலும் பொருந்தாது.

எனினும் இம்மௌனத்தைப் பாடகியின் குறைபாடு என்று மட்டும் கூறி முடித்தல் மேலோட்டமானதாகும். இல்லறப் பாடல்களுக்குக் கேட்போர் ஒருவரே. இப்பாட்டுக்கோ இரு வகையினர். சொல்லாதொழிந்ததைக் கேட்போன் தானே நிரப்பிக்கொள்ளுமாறு விடுதலைத் தமிழிலக்கணம் எச்சம் என்னும். வான் லியர் என்ற பெயரைக் கேட்ட சுரங்கக் குடும்பத்தினர் கம்பனியையும் கடையையும் இருமலையும் தாமே நிரப்பிக்கொண்டனர்; அவர்களுக்கு அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வனுபவமற்ற நகர்ப்புறத்தாருக்கோ நிரப்புவதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் கேட்டது இழந்துபோன எளிய வாழ்வின் இனிய நினைவை மட்டுமே. ஒரே மௌனம் ஒரு சாராருக்குப் பொருள் நிறைந்ததாயும் மறுசாராருக்குப் பொருளை மறைப்பதாயும் இயங்கியது. பண்டமாக விற்கப்படும் உண்மையின் சிக்கல் இதுதான். விற்பனை விரியும் அளவுக்கு எச்சத்தை நிரப்பவல்ல கேட்போரின் விகிதம் சுருங்கிக்கொண்டே செல்கின்றது.

பாட்டிற் சொல்லாததை அவர் செயலில் முற்றாகப் புறக்கணித்தாரல்லர். ஹைடன் சுரங்கத்தில் மாண்டோரின் குடும்பங்களுக்காக 1971இல் லூயிவில் நகரில் நிதியுதவி நிகழ்ச்சியொன்றை அவர் நடத்தினார். ஆயினும் ஈகை வேறு, குற்றச்சாட்டு வேறு. அநாதைகளுக்கு நிதி திரட்டிய அதே குரல், அவர்களை அநாதைகளாக்கியவர் யார் எனக் கேட்டிருப்பின், அக்கேள்வி புளொறன்ஸ் றீசின் பாட்டு சென்றடையாத வீடுகளையும் சென்றடைந்திருக்கும்.

6

சுரங்கத்தைப் பற்றிச் சொல்லாததை உடலைப் பற்றி அவர் சொன்னார். ‘த பில்’ என்னும் பாட்டு 1972இல் ஒலிப்பதிவு செய்யப்பட்டும் மூன்றாண்டுகள் கம்பனியின் பெட்டகத்திலேயே கிடந்தது, 1975இல்தான் வெளியாயிற்று. கருத்தடை மாத்திரை 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மணமானவர்கள் கருத்தடையைப் பயன்படுத்தும் உரிமையை 1965இலும் மணமாகாதவர்களின் உரிமையை 1972இலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சட்டம் தெளிவான பின்னரும் மலைக்கிராமங்களில் அதைப் பற்றிப் பேசுவது கூச்சத்துக்குரியதாகவே இருந்தது.

பாட்டின் கூற்று வழக்கம்போல் மனைவியினுடையது; கேட்போன் கணவன். ஆண்டுதோறும் கருவுற்று வீட்டில் அடைபட்டுக் கிடந்தவள், இனிக் கணக்கு மாறிவிட்டது என அறிவிக்கிறாள். கோழிப்பண்ணையையொட்டிய உருவகங்களால் பெண்ணின் கருப்பையும் கணவனின் ஊர்சுற்றலும் ஒருங்கே எள்ளப்படுகின்றன. அறிவுரைத் தொனி எங்கும் இல்லை. பல வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. அவ்வாறிருந்தும் அது கன்ட்ரி இசைப் பட்டியலில் 5ஆம் இடத்தையும், பொதுவான பட்டியலில் 70ஆம் இடத்தையும் அடைந்தது. கிராமப்புற வைத்தியர்கள், தாங்கள் வழங்கிய பிரசுரங்கள் அனைத்தையும்விட இப்பாட்டே கருத்தடை பற்றிய அறிவைப் பரப்பியது எனத் தம்மிடம் கூறியதாக அவர் பேட்டியொன்றிற் சொன்னார்.

இங்கு எச்சம் எதுவுமில்லை. நான்கு குழந்தைகளை இளவயதிலேயே பெற்ற பெண்ணின் குரல், தான் அறிந்ததைத் தன் பெயரிலேயே சொல்கின்றது. பாட்டை எழுதியோர் பட்டியலில் முதன்மையாக இருப்பவை பிறர் பெயர்கள் என்பது இக்கருத்தைக் குறைத்துவிடாது. 1971இல் வெளிவந்த ‘வன்ஸ் ஒன் த வே’ என்னும் பாட்டையும் சிக்காக்கோவிற் பிறந்த ஷெல் சில்வர்ஸ்டீன் என்னும் ஆண் கவிஞரே எழுதினார். நாகரிக மகளிரின் கேளிக்கைச் செய்திகளுக்கும் குழந்தைகளின் அழுகைக்கிடையே மீண்டும் கருவுற்று நிற்கும் இல்லாளின் நாளுக்கும் உள்ள தூரத்தை அப்பாட்டு காட்டும். வேறொருவர் பாடியிருப்பின் அது வெறும் நகைச்சுவை. லொறெற்றாவின் சலிப்பும் கண்டிப்பும் கலந்த மலைத்தொனியில் அது சாட்சியமாகிவிடுகின்றது. பாடலாசிரியரின் உரிமைக்கும் பாடுபவரின் உரிமைக்கும் இடையே திறனாய்வு காணவேண்டிய எல்லை இதுவே: எழுதியது யாராயினும், அச்சொல்லுக்குப் பிணை நின்றது அக்குரல்.

7

சட்டம் அவ்வாறு கருதவில்லை. தொடக்க காலத்தில் தம்மை ஆதரித்த வில்பேர்ன் சகோதரர்களின் ஷூர் பயர் என்னும் பதிப்பு நிறுவனத்துடன் அவர் நீண்டகால ஒப்பந்தம் செய்திருந்தார். 1970களின் முற்பகுதியில் அவர்களிடமிருந்து பிரிந்தபோதும், எழுதும் பாடல்களின் உரிமை அவர்களையே சேரும் என்ற நிலை தொடர்ந்தது. நெடுங்காலம் வழக்காடியும் பழைய பாடல்களின் பதிப்புரிமையை அவரால் மீட்க முடியவில்லை. விளைவு, 1970களில் அவர் பாடல் எழுதுவதையே பெரிதும் நிறுத்திக்கொண்டார். 1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் அதியுயர் விருதாகிய ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதற் பெண் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. அப்பெருமையின் உச்சியிலேயே அவருடைய எழுதுகோல் ஓய்ந்தது. சுரங்கத்திற் தந்தை வெட்டிய கரி தந்தைக்குச் சொந்தமாகவில்லை. மகள் எழுதிய பாட்டும் மகளுக்குச் சொந்தமாகவில்லை. இவ்வொற்றுமையை அவர் எந்தப் பாட்டிலும் பாடவில்லை. அவருடைய வாழ்க்கையே அதனைச் சொல்லிற்று.

1980இல் மைக்கல் அப்ற்றட் நெறிப்படுத்திய திரைப்படத்தில் லொறெற்றாவாக நடித்து, பாடல்களையும் தாமே பாடிய சிஸ்ஸி ஸ்பேசெக் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். அதன்பின் அவரது பெயர் நாடறிந்த சின்னமாயிற்று. சின்னமான பின் புதிதாய் எதுவும் சொல்ல வேண்டிய தேவையும் குறைந்தது. அந்நிலையை முறித்தது 2004இல், எழுபத்திரண்டு வயதில், றொக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் தயாரிப்பில் வெளியிட்ட ‘வான் லியர் றோஸ்’ என்னும் தொகுப்பு. அதன் பாடல்கள் அவருடைய சொந்த ஆக்கங்கள். தலைப்புப் பாட்டில், முன்னர் துணிதுவைப்பவளாக மட்டுமே வந்த தாய், சுரங்கத் தொழிலாளர் கண்கொட்டாது நோக்கிய பேரழகியாக வருகிறாள். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் அதே ஊருக்குத் திரும்பிய பாடகி, இம்முறை வறுமையைக் காட்டவில்லை. வறுமையுள்ளும் ஒரு பெண்ணுக்கு இளமையும் ஈர்ப்பும் இருந்ததென்பதைக் காட்டுகிறார். தொகுப்பு இரு கிறமி விருதுகளைப் பெற்றது. கணவர் 1996இல் இறந்த பின் எழுதப்பட்ட தனிமைப் பாட்டும் அதில் உண்டு. குடித்து வந்த கணவனை வாசலில் நிறுத்திய அதே மனைவி அவனின்றி வெறுமையாகிவிட்ட வீட்டில் நின்று பாடுகிறாள். இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை.

8

லொறெற்றா லின்னை ஓர் இயக்கத்தின் கவிஞராகக் காட்ட முனைவோர் தோல்வியே அடைவர். பெண்விடுதலை இயக்கத்தின் பெயரைத் தம்மீது சூட்டிக்கொள்ள அவர் விரும்பியதில்லை. 1988இலும் 2016இலும் குடியரசுக் கட்சி வேட்பாளர்களை வெளிப்படையாக ஆதரித்தார். 2013இல் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஒபாமாவின் கையால் ஜனாதிபதிச் சுதந்திரப் பதக்கத்தையும் பெற்றார். கொள்கைத் தொடர்ச்சியை அவருடைய வாழ்வில் தேடுதல் வீண். தொடர்ச்சி அவருடைய கூற்றிலே உள்ளது. தாம் நின்ற இடத்திலிருந்து, தமக்கு முன் நின்றவரை நோக்கி, தமது வாய்மொழியிலேயே அவர் பேசினார். முன்னே நிற்பவர் கணவனாயின் அச்சொல் கூர்மை பெற்றது. முன்னே நிற்பது முகமறியாக் கம்பனியாயின் அச்சொல் நின்றுவிட்டது. கணவனுக்கு முகம் உண்டு, கம்பனிக்கு இல்லை. முகமற்றதை முன்னிறுத்திப் பேசும் மொழியைத் தருவது அமைப்பும் இயக்கமுமே. புளொறன்ஸ் றீசுக்கு அது வாய்த்தது. அவருக்குப் பரந்த சந்தை வாய்க்கவில்லை. லொறெற்றாவுக்குச் சந்தை வாய்த்தது, அம்மொழி வாய்க்கவில்லை.

2022 ஒக்டோபர் 4ஆம் நாள், டெனசி மாநிலத்தின் ஹரிக்கேன் மில்ஸ் இல்லத்தில் தமது 90ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய பாடல்கள் பண்டங்களாகவே பிறந்தன, பண்டங்களாகவே இன்றும் விற்கப்படுகின்றன. எனினும் வாசலில் நின்று மறுத்த மனைவியின் குரலும், இனிக் கணக்கு மாறிவிட்டது என்ற தாயின் குரலும் விற்பனையால் மங்கிவிடவில்லை. மக்களுக்குரிய கலையை நாடும் திறனாய்வு அக்குரல்களைச் செவிமடுத்தல் வேண்டும். அதே செவியால், தந்தையின் இருமலொலி கேட்கவேண்டிய இடத்தில் நிலவும் அமைதியையும் கேட்டல் வேண்டும்.